தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாடுங்கள்: புதிதாகப் பாட்டு கற்பவர்களுக்கு

மார்கழி முடிந்து பொங்கலும் போனதும் சென்னையில் பாட்டு வகுப்புகளுக்குப் புது முகங்கள் வரும். சபா சபாவாகக் கச்சேரி கேட்டுவிட்டு, நாமும் நாலு கீர்த்தனையாவது பாடிவிட மாட்டோமா என்ற ஆசையோடு முப்பது, நாற்பது வயதில் வந்து சேர்பவர்கள். நானும் முப்பத்தைந்து வயதில் அப்படித்தான் மேற்கு மாம்பலத்தில் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்படி வருபவர்களில் பலர் சித்திரை பிறப்பதற்குள் நின்றுவிடுகிறார்கள், ஏன் என்று கேட்டால் "எனக்குச் சாரீரம் இல்லைங்க", அதாவது பாட்டுக்கேற்ற குரல் இல்லை, என்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பெரும்பாலும் அவர்கள் குரலில் ஒரு குறையும் இருக்காது. தொண்டைக்குள் என்ன இருக்கிறது, அது எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று யாரும் காட்டித் தராததால், வயிறும் வாயும் செய்ய வேண்டிய வேலையையெல்லாம் அந்தச் சின்ன உறுப்பின் தலையில் கட்டிவிடுகிறோம், அது மூன்று மாதத்தில் களைத்துப்போகிறது.

இதைப் படிக்கும்போதே ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். படித்து மட்டும் வைத்தால் பிரயோஜனம் இல்லை.

முதல் வேலை, விரலை வைப்பது

ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் கழுத்தின் முன்பக்கம் மேட்டின் மீது மெதுவாக வையுங்கள். ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியும், பெண்களுக்குத் தடவினால் தட்டுப்படும். இதுதான் குரல்வளையின் முன்சுவர், பேச்சில் சங்கு என்போம். இப்போது எச்சில் விழுங்குங்கள். சங்கு விறுக்கென்று மேலே ஏறி இறங்கும். அடுத்து ஒரு கொட்டாவி விடுங்கள், அல்லது விடுவதுபோலத் தொடங்குங்கள். இந்த முறை அது கீழே இறங்கும். "ஸ்ஸ்" என்று சொன்னால் விரலில் ஒன்றும் தெரியாது, "ம்ம்" என்றால் வண்டு ரீங்கரிப்பதுபோல அதிரும்.

தமிழிலேயே இதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. "கல்" என்று சொல்லும்போது அந்தக் ககரத்தில் அதிர்வு இருக்காது, அதற்குப் பிறகுதான் தொடங்கும், "தங்கம்" என்னும்போது அதே எழுத்துதான், ஆனால் அதிர்வு அறுபடாமல் ஓடும். எழுத்து ஒன்றாக இருந்தும் தொண்டை செய்வது வேறு.

அந்தச் சங்குக்குள் இருப்பது என்ன? குருத்தெலும்பால் ஆன ஒரு சிறிய கூடு. முன்னால் கேடயம்போல ஒரு தகடு, அதன் கீழே மோதிரம்போல ஒரு வளையம், வளையத்தின் பின்புறம் மேலே இரண்டு குட்டித் துண்டுகள். கேடயத்தின் உட்பக்கத்திலிருந்து பின்னால் இருக்கும் அந்த இரண்டு துண்டுகள் வரை கிடைமட்டமாகப் போவதுதான் குரல் நாண்கள். நாண் என்றதும் வீணைத் தந்தி மாதிரி எதையோ கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அவை ஈரமான இரண்டு மடிப்புகள், உதட்டை நெடுக்காகத் திருப்பி வைத்தாற்போல. ஆண்களுக்குச் சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம், பெண்களுக்கு 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். ஒரு புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மூச்சு கீழேயிருந்து வந்து அவற்றைத் தள்ளித் திறக்கும், மடிப்புகள் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும். இது ஒரு வினாடிக்கு எத்தனை முறை நடக்கிறதோ அதுதான் சுருதி.

அவை இருப்பதன் முதல் நோக்கம் பாட்டே கிடையாது. சோற்றுப் பருக்கை மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காப்பதுதான் அவற்றின் பூர்வீக வேலை. அதனால் விழுங்கும் தசைகளும் பாடும் தசைகளும் அண்டை வீட்டுக்காரர்கள். மேல் ஸ்தாயியில் பயம் வந்ததும் நம்மை அறியாமல் விழுங்கும் தசைகள் இறுகி சங்கை மேலே இழுத்துவிடும், தொண்டை நெரிகிற மாதிரி ஒரு குரல் வரும். புதியவர்களின் கஷ்டத்தில் பெரும்பங்கு இதுதான்.

நான் என் நாண்களைப் பார்த்தது

வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு வாரம் ஆகியும் விடவில்லை. ஈஎன்டி டாக்டரிடம் போனேன். நாக்கை ஒரு துணியால் பிடித்து இழுத்து, வாய்வழியாக ஒரு கம்பிக் கேமராவை விட்டு, "ஈ... சொல்லுங்க" என்றார். திரையில் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போது இரண்டு வெளுத்த மடிப்புகள் கவிழ்த்த வி வடிவத்தில் விலகின, நடுவில் கறுப்பாக மூச்சுக்குழாய். "ஈ" என்றதும் இரண்டும் வந்து சேர்ந்தன. மின்னி மின்னி எரியும் ஒரு விளக்கைப் போட்டதும் அந்த வேகமான அதிர்வு மெதுவாக ஓடும் அலைபோலத் தெரிந்தது. முத்து வெள்ளையாக இருக்க வேண்டிய ஓரங்கள் எனக்குச் சிவந்திருந்தன, இரண்டும் முட்டும் இடத்தில் லேசான வீக்கம்.

"பாடறீங்களா? எத்தனை கட்டை?" என்றார். கட்டை என்பது பாடுபவர் தனக்கென வைத்துக்கொள்ளும் ஆதார சுருதியின் அளவு, எண் ஏற ஏற சுருதியும் உயரும். அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. நான் "அஞ்சு" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

வகுப்பில் பத்துப் பெண்கள், என்னையும் சேர்த்து இரண்டு ஆண்கள். எல்லோருக்கும் ஒரே சுருதிப் பெட்டி, 5 கட்டை. பாடம் சொல்லிக்கொடுத்தவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, மூன்று மாதத்தில் ஒருமுறைகூட ஆண்களைத் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. 5 கட்டையில் சட்ஜம், அதாவது "ஸ", ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 196 அதிர்வு. அதன் மேல் சட்ஜம் 392. 1 கட்டையில் பாடும் ஒரு வித்வான் கச்சேரியின் உச்சத்தில் பிடிக்கிற மேல் பஞ்சமமும், அதாவது மேல் "ப"வும், அதே 392 தான். அவர் பல வருஷ சாதகத்துக்குப் பிறகு தொடும் இடத்தை நான் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தின் முதல் வரியிலேயே, மோவாயைத் தூக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே, வகுப்பில் சேர்ந்த அன்றே உங்கள் சுருதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. தம்புரா ஆப்பைத் திறந்து, ஆண்கள் 1 கட்டையிலும் பெண்கள் 5 கட்டையிலும் தொடங்குங்கள். சட்ஜத்திலிருந்து கீழே இறங்கி மந்திர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி "ப", வரை போய்ப் பாருங்கள். அங்கே குரல் வெறும் காற்றாகவோ கரகரப்பாகவோ போய்விட்டால் சுருதி தாழ்வு, அரைக்கட்டை ஏற்றுங்கள். பிறகு மேல் ரிஷபம், காந்தாரம் (ரி, க) வரை. அங்கே சங்கு விறுவிறுவென்று மேலே ஓடினால் சுருதி அதிகம், இறக்குங்கள். மேல் பஞ்சமம் இப்போதே வர வேண்டியதில்லை, அது வருஷக் கணக்கில் திறக்கும். பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்கள் 5 முதல் 6 கட்டைக்குள்ளும் வந்து நிற்பார்கள். விலக்கு நிறைய உண்டு. எனக்கு ஒன்றரை. அடுத்துப் போன டீச்சர் இரண்டு நிமிஷம் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உன் இடமே இது இல்லையேப்பா, ஒன்றரையில பாடு" என்றார். அன்று சாயங்காலம் பாடியபோது, ஏதோ சட்டை அளவு சரியாக அமைந்ததுபோல இருந்தது.

மூச்சு: வயிற்றிலிருந்து பாடு என்பதன் அர்த்தம்

இதை எல்லா வாத்தியார்களும் சொல்வார்கள், கேட்டவுடன் நாம் வயிற்றை இறுக்கிக்கொள்வோம். நேர் எதிரான காரியம். நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் என்று குடைபோன்ற ஒரு தசை. மூச்சு இழுக்கும்போது அந்தக் குடை தட்டையாகிக் கீழே இறங்கும். இறங்கினால் குடலுக்கு இடம் வேண்டுமே, அதனால் வயிறு முன்னால் வரும். வயிற்றுக்குள் காற்று போவதாக நினைக்க வேண்டாம், காற்று நுரையீரலைத் தாண்டாது. பாடும்போது அந்தக் குடை மெல்ல மெல்ல மேலே திரும்புகிறது, அது எவ்வளவு நிதானமாகத் திரும்புகிறது என்பதை வயிற்றுச் சுவரும் விலாத் தசைகளும் பார்த்துக்கொள்கின்றன. உதரவிதானத்தை நம்மால் தொட்டு உணர முடியாது, அதற்கு நேராகக் கட்டளை போடுவதும் சுலபமில்லை. வயிறும் விலாவும்தான் நம் கைக்கு எட்டுபவை.

பாயில் மல்லாந்து படுத்து, தொப்புள் மேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். கனமான பழைய டைரி இருந்தால் நல்லது. மூச்சு இழுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், தோள் அசையக் கூடாது. இப்போது ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஒரு ஆவர்த்தனம் முழுக்க "ஸ்ஸ்" என்று காற்றை ஒரே அளவாக விடுங்கள். புத்தகம் தடாலென்று இறங்காமல் எட்டு எண்ணிக்கைக்கும் சீராக இறங்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டு ஆவர்த்தனம். பிறகு உட்கார்ந்து அதையே.

உட்காருவது பற்றி ஒன்று. நாம் சம்மணம் போட்டுப் பாடுகிறோம். நாற்காலியிலேயே வேலை பார்க்கும் உடம்புக்கு, தரையில் உட்கார்ந்ததும் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் விழும், வயிறு மடிந்துவிடும், குடை இறங்க இடம் இருக்காது. நாலாக மடித்த ஒரு போர்வையை இடுப்புக்குக் கீழே வைத்து முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். எனக்கு இது ஒன்றே மூச்சை ஒரு வரி நீட்டிக்கொடுத்தது.

தம் கட்டாதீர்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது "ம்க்" என்று மூச்சை அடக்குகிறோம் அல்லவா, அப்போது குரல் நாண்கள் மட்டுமல்ல, அவற்றுக்கு மேலே இருக்கும் போலி நாண்கள் என்ற இன்னொரு ஜோடியும் சேர்ந்து இறுக மூடிக்கொள்கின்றன. பல்லவி எடுக்கும் முன் நிறைய மூச்சு இழுத்து அடக்கிவைத்தால், பூட்டிய கதவை உடைத்துக்கொண்டுதான் குரல் வெளியே வர வேண்டியிருக்கும். இழுத்த மூச்சு நிற்காமல் அப்படியே திரும்பிப் பாட்டாகட்டும். ஊஞ்சல் போய்த் திரும்புகிற மாதிரி.

குரல் தொடங்கும் கணம்

அகார சாதகத்தில், அதாவது "ஆ" என்று மட்டும் பாடிப் பழகும்போது, கவனிக்க வேண்டியது தொடக்கம். "ஆ" என்று மூன்று விதமாகத் தொடங்கலாம். காற்று முதலில் வந்து "ஹா" என்று கசிந்து தொடங்குவது ஒன்று, மூச்சு வீணாகும். நாண்கள் முட்டிக்கொண்டு "டக்" என்று வெடித்துத் தொடங்குவது இன்னொன்று, எனக்கு அந்த வீக்கம் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. மூச்சும் மூடுதலும் ஒரே கணத்தில் சேருவது மூன்றாவது. அது வர எளிய வழி, வாயை மூடி "ம்ம்" என்று சட்ஜத்தில் நின்று, அதிர்வு உதட்டிலும் மூக்குப் பாலத்திலும் கிச்சுக்கிச்சு மூட்டுவது தெரிந்ததும், உதட்டை மட்டும் விலக்கி "மா". பத்து முறை செய்தபின் "ம்" இல்லாமல் "ஆ".

இளநீர் ஸ்ட்ரா ஒன்று எடுத்துவையுங்கள். பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, அதன் வழியாக "ஊ" என்று ஸ ரி க ம பாடுங்கள். தண்ணீர் குமிழி விடும். ஸ்ட்ராவின் ஒடுக்கத்தால் காற்றழுத்தம் கொஞ்சம் திரும்பி வந்து நாண்களை மேலிருந்து தாங்கும், அவை ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிரும். குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே இந்த ஸ்ட்ரா பயிற்சியைப் பல வருஷமாக வலியுறுத்தி வருகிறார். காலையில் குரல் திறப்பதற்கும், அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்த சாயங்காலத்துக்கும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

மேலே போகும்போது

சுருதி ஏறும்போது கேடயத் தகடு வளையத்தின் மேல் சற்று முன்னே சாய்கிறது, நாண்கள் நீண்டு மெலிகின்றன. ரப்பர் பேண்டை இழுத்து மீட்டினால் சத்தம் உயர்வது போல. இதற்கென்று ஒரு குட்டித் தசை இருக்கிறது, மோவாயும் புருவமும் உதவிக்கு வரத் தேவையில்லை. 5 கட்டைப் பெண்மணி மேல் பஞ்சமத்தில் நிற்கும்போது அவர் நாண்கள் வினாடிக்கு 588 முறை சேர்ந்து பிரிகின்றன. இவ்வளவு வேகத்தைப் பலத்தால் கொண்டுவர முடியாது, விட்டுக்கொடுத்தால்தான் வரும்.

சரிபார்க்க ஒரு வழி: கட்டை விரலை மோவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் வைத்துத் தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி, வரிசை பாடுங்கள். அந்த இடம் கல்லாக இறுகினால் நாக்கின் வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் சாய்த்துவைத்து மறுபடி பாடுங்கள். ஏற ஏற நாண்களைத் தடிமனாகவே வைத்துக்கொண்டு கத்துவதும் தப்பு, சட்டென்று கள்ளக் குரலுக்கு, அந்த மெலிந்த பொய்க்குரலுக்கு, தாவுவதும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சன்னமாக, "ஊ"வில் பாடிப் பாடித்தான் அந்தப் பாலம் கட்டுப்படும். பிருகாவை, அந்த வேகமான ஸ்வர உருட்டல்களை, இப்போதே துரத்த வேண்டாம்.

வாயும் மூக்கும்

நாண்களில் பிறக்கும் ஒலி தனியாகக் கேட்டால் வெறும் ரீங்காரம்தான். அதைக் குரலாக்குவது அவற்றுக்கு மேலே தொண்டையும் வாயுமாகச் சேர்ந்த குழாய், வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். தொல்காப்பியம் பிறப்பியலில் இதைச் சொல்லியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற மூன்று இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்கிறது. பாட்டுக்கும் இதே எட்டு உறுப்புதான்.

அண்ணத்தை நாக்கால் பின்னோக்கித் தடவினால் கடினமாக இருந்தது ஒரு இடத்தில் மெத்தென்று ஆகும். அந்த மெல்லண்ணம் ஒரு கதவு. "ங" சொல்லும்போது இறங்கி மூக்குக்கு வழி விடும், கொட்டாவியில் ஏறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ம்" சொல்லுங்கள், சத்தம் நின்றுவிடும், அது நியாயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஆ" பாடுங்கள். ஒன்றும் மாறக் கூடாது. மாறினால் உங்கள் அகாரம் மூக்கால் ஒழுகுகிறது. "ஙா... ஆ" என்று பாடிக் கதவு தூக்குவதைப் பழகுங்கள்.

தாடை இன்னொன்று. நம்மில் பலர் பல்லைத் திறக்காமல் பாடுகிறோம். மேலே ஏற ஏற இன்னும் கொஞ்சம் திறந்தால், கூடுதல் மூச்சே இல்லாமல் குரல் கனமாகும். "ஈ"யில் ஏறும்போது உதட்டைப் பக்கவாட்டில் இழுக்காமல் சற்றுக் குவியுங்கள்.

தினமும் இருபத்தைந்து நிமிஷம் போதும். மூச்சு மூன்று நிமிஷம், ஸ்ட்ரா ஐந்து, "ம்ம்-மா" இரண்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை மந்திர ஸ்தாயி பக்கமிருந்து தொடங்கிப் பத்து நிமிஷம், கடைசியில் மறுபடி ஸ்ட்ரா. ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் பாடுவதைவிடக் காலையும் மாலையும் பிரித்துப் பாடுவது மேல்.

தொண்டையைப் பார்த்துக்கொள்வது

குடிக்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும். மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் தொண்டைச் சுவருக்கு இதமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனால் நாண்களின் ஈரம் உடம்பு முழுக்கத் தண்ணீர் சேர்வதால் வருவது. பாடுவதற்கு முன் ஒரு சொம்பு குடித்தால் போதாது, காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். நேராக நாண்களுக்குப் போவது ஆவி மட்டும்தான். வெறும் வெந்நீர் ஆவி, தைலம் வேண்டாம்.

சென்னையில் வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் நாம் நாள் முழுக்க இருப்பது காய்ந்த ஏசி காற்றில். கோயம்பேட்டுச் சந்தடியில் போன் பேசும்போது நம்மை அறியாமல் குரல் உயர்ந்துவிடும், அதுவும் கணக்கில் சேரும். கச்சேரி முடிந்து கேன்டீனில் ராத்திரி பத்து மணிக்குப் பூரி மசாலா சாப்பிட்டு உடனே படுத்தால், புளித்த அமிலம் மேலே வந்து குரல்வளையின் பின்பக்கத்தைச் சுடும், காலையில் கமறும். கமறினால் கனைக்காதீர்கள், ஒவ்வொரு கனைப்பும் நாண்களுக்கு ஒரு அடி. ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது, பலர் அப்போது இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். பேசாமல் இருங்கள், இல்லையேல் மெதுவாக இயல்பான குரலில் பேசுங்கள்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் ஈஎன்டி டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்ததுபோலப் போய்விட்டால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள், மடிப்பில் ரத்தக் கசிவாக இருக்கலாம், அன்றைக்கே போங்கள். போகும்போது பாடுகிறவர் என்பதையும் எத்தனை கட்டை என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். ஸ்ட்ரோபோஸ்கோப்பி, அதாவது அந்த மின்னும் விளக்குப் பரிசோதனை, செய்யும் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். அந்த வீடியோவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன, சிவந்த ஓரத்தோடு ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு மாறி ஐந்து மாதம் கழித்து வெளுத்த ஓரத்தோடு ஒன்று. புதிதாக யாராவது "எனக்குச் சாரீரம் இல்லை" என்று வந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன்.